கயிற்றுக்கும் தழலுக்கும் நடுவே

வடகடற் காற்று உப்பின் ஈரத்தைச் சுமந்துவந்து ஓக்கு மரங்களின் பழுத்த இலைகளை ஒவ்வொன்றாய்ப் பறித்து உதிர்க்க, அறுவடை முடிந்த வாற்கோதுமைக் கழனிகள் மழித்த முகம்போல் வெளிறிக் கிடக்க, சாயத் தொட்டிகளினின்று வடிந்த நீலமும் மஞ்சளும் கரையோரத்தில் கலந்தோடத் தோர்ன் ஆறு தளர்நடை நடந்துகொண்டிருந்த கூதிர்காலத்து நண்பகல் அது. ஆற்றின் வளைவில், தாயாட்டைச் சூழ்ந்த குட்டிகள்போல் ஒரு கற்கோயிலைச் சூழ்ந்து நெருங்கிய கூரைகளையுடைய வெதர்போர்ன் என்னும் எம் ஊரில், தறிகள் ஓடும் ஓசை மட்டும் ஓயாத மழைபோல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு செம்மறியின் வயதைப் பற்றி அரைநாள் வழக்காடக் கூடிய வாய்வல்லார் ஊர்தான் எம் ஊர். ஆயினும் அந்த ஆண்டு அது வாய் மூடியிருந்தது. சந்தைத் திடலின் நடுவே வண்டிச் சக்கரத்தின் அளவினதாய் ஒரு கரிய வட்டம் கிடந்தது. மூன்று திங்கள் பெய்த மழையும் அதைக் கழுவவில்லை. பாற்குடம் சுமந்த பெண்டிர் அதை மிதியாமல் சுற்றி நடந்தனர். அது என்ன என்று வினவும் அயலார்க்கு எவரும் விடை சொல்லவில்லை.

அரசியார் அரியணை ஏறிய ஆறாம் ஆண்டு அது. அவர்தம் தந்தையார் உரோமைத் திருச்சபையோடு இருந்த உறவை அறுத்தார். தம்பியார் காலத்தில் கோயிற் சிலைகள் உடைபட்டன, சுவரோவியங்கள் சுண்ணம் பூசி மறைக்கப்பட்டன. அரசியார் வந்ததும் அந்தச் சுண்ணம் சுரண்டப்பட்டது. இருபது ஆண்டுக்குள் எம் ஊரார் ஒரே இறைவனை மூன்று விதமாய் வணங்கக் கற்றனர். மூன்றாவதைக் கல்லாதவர் தழலுக்கு இரையாயினர். அரசியாரைக் கொடியவர் என்று ஒரு சொல்லில் கூறிவிட்டு அப்பால் நகர்வது எளிது. ஆனால் அவர் தம் மக்களின் உயிரைக் காக்கவே உடலை எரிப்பதாக மெய்யாகவே நம்பினார் என்பதை எண்ணுந்தோறும், பகையைவிட அன்புக்கே அஞ்சவேண்டுமோ என்று என் நெஞ்சு நடுங்குகின்றது. மறைவில் ஒருவன் ஒருவனை வெட்டினால் அதைக் கொலை என்கிறோம். பட்டப்பகலில், முரசறைந்து, எழுத்தோலை படித்து, ஊர் கூடி நிற்க நிகழ்வதை என்னவென்று சொல்வது? இவ்வினாவுக்கு விடை தேடும் அறிவு எனக்கில்லை. ஆயினும் அந்த இரண்டுக்கும் நடுவே நின்ற ஒரு பெண்ணை நான் அறிவேன். அவள் பெயர் பெட்ரோனல்.

அவள் கணவன் ஜெர்வாஸ் ரஸ்க் எம் ஊரின் காவலன். அகன்ற தோளும் குறைந்த சொல்லும் உடையவன். அரசாணைப்படி, உரோமையை மறுத்த புதிய நெறியினரைப் பிடித்துச் சிறையில் சேர்ப்பது அவன் கடமையாயிற்று. அவனும் பழைய நெறியில் ஊறியவனாதலின் தயங்காது செய்தான். ஆடித் திங்களில் கூடை முடையும் முதியவள் ஒருத்தியைச் சந்தைத் திடலுக்கு நடத்திச் சென்றவனும் அவனே. வழியில் அவள் கால் இடறியபோது கைகொடுத்துத் தாங்கினான். “உனக்குப் புண்ணியமாப் போகும்பா” என்று அவள் சொன்னாள். அன்றுமுதல் அவனால் சுட்ட இறைச்சியை உண்ண இயலவில்லை. அடுக்களையில் கொழுப்பு உருகும் மணம் எழுந்தாலே முகம் வெளுத்து வாசலுக்குப் போய்விடுவான். பெட்ரோனல் காரணம் கேட்கவில்லை. இறைச்சியை நீரில் வேகவைக்கத் தொடங்கினாள். ஒரு சொல்லும் பேசிக்கொள்ளாமல் இருவரும் ஒரு துயரைப் பகிர்ந்துண்டு வாழ்ந்த காலம் அது.

தூய லூக்காவின் திருநாளன்று, மேலே நான் சொன்ன அந்த நண்பகல் கழிந்து வெயில் சாயும் பொழுதில், ஆற்றங்கரைத் துணி துவைக்கும் ஆலையின் பின்புறத்தே ஜெர்வாஸ் மண்டை பிளந்து கிடந்தான். அவன் தலையைத் தன் மடியில் ஏந்தி, குருதியில் நனைந்த கைகளோடு அமர்ந்திருந்தான் ரோலண்டு பெக் என்னும் நெசவாளன். புதிய நெறியைத் துணிந்து பேசியவன். காவலன் அன்று மாலைக்குள் பிடிக்கவேண்டும் என்று ஆணையிடப்பட்டிருந்தவன். ஆலையாட்கள் ஓடிவந்தபோது அவன் ஓடவில்லை. “யாராச்சும் தண்ணி கொண்டாங்க, இன்னும் மூச்சு இருக்கு” என்று மட்டும் கூவினான். தண்ணீர் வருமுன் மூச்சு நின்றது. கையோடு கையாய் அவனைக் கட்டிச் சிறையில் தள்ளினர். நீ ஏன் அங்கே போனாய், காவலன் ஏன் அங்கே வந்தான் என்று எத்தனை முறை கேட்டும், “நான் போகும்போதே அவர் விழுந்து கிடந்தாரு” என்பதற்கு மேல் அவன் வாய் திறக்கவில்லை.

வழக்கைக் கேட்க வந்த நடுவர் சர் லாம்பெர்ட் ஆஷ்கோம் என்பார் கூர்த்த அறிவினர். நெசவாளனை நெறி பிறழ்ந்தவன் என்று எரித்தால், தழலின் நடுவே அவன் பாடுவான். அந்தப் பாட்டை ஊரார் வீட்டுக்கு எடுத்துச் செல்வர். எரித்தவிடத்துச் சாம்பலைப் பெண்கள் முடிந்துவைப்பர். மாறாக, கொலைஞன் என்று தூக்கிலிட்டால் பாட்டுமில்லை, சாம்பலுமில்லை. ‘புதிய நெறியினர் காவலரைக் கொல்லும் கயவர்’ என்னும் பெயர் மட்டும் எஞ்சும். ஆகவே கயிறே நன்று என்று அவர் உள்ளத்தில் முடிவு கட்டினார். சிறையிலிருந்த ரோலண்டும் இதை உணர்ந்தான். தழலுக்கு அஞ்சாது தன்னைப் பலநாள் பழக்கிவைத்திருந்த அவன், கயிற்றை எண்ணிக் கண்ணீர் விட்டான் என்று சிறைக்காவலன் பின்னாளில் சொன்னான். “சாவுக்கு அழல அந்தாளு. பேருக்கு அழுதான்.”

அடக்கம் முடிந்து இரண்டு கிழமை சென்றபின் ஒரு காலைப்பொழுதில், பெட்ரோனலின் தம்பி பார்னபி அவள் வீட்டுக்கு வந்தான். இருபத்தாறு அகவையினன், தாயில்லாத அவனை வளர்த்தவள் அவளே. காவலனுக்கு உதவியாளாய்த் திரிந்தவன். பழைய நெறியின்மேல் அவனுக்கிருந்த பற்று உலைக்களத்து இரும்புபோல் எப்போதும் சிவந்திருக்கும். அவள் பட்டாணிக் கூழைக் கிண்ணத்தில் ஊற்றி அவன்முன் வைத்தாள்.

“என்னடா, முகமெல்லாம் ஒட்டிப் போச்சு. சாப்பிடறியா இல்லையா?”

“பசிக்கலக்கா.”

“வியாழக்கிழமை வழக்காம். அந்த நெசவுக்காரனுக்குத் தூக்குதான்னு பேசிக்கறாங்க. சனிக்கிழமையே நாள் குறிச்சுட்டாங்களாம்.”

பார்னபி கரண்டியைக் கீழே வைத்தான். “அவன் எப்படியும் சாகப்போறவன்தானேக்கா. இதுல செத்தா என்ன, அதுல செத்தா என்ன?”

உலகில் சில சொற்கள், கதவின் இடுக்கில் நுழையும் குளிர்போல், எவரும் அழையாமலே உள்ளே வந்துவிடுகின்றன. அவள் அவன் முகத்தை நோக்கினாள். குழந்தையாய் இருந்தபோது பொய் சொன்னால் இடக்காதைத் தேய்ப்பது அவன் வழக்கம். இப்போதும் அவன் கை அங்கேதான் இருந்தது.

“பார்னி,” என்றாள், குரல் தாழ்த்தி. “நீ அன்னிக்கு எங்க இருந்த?”

அவன் காதிலிருந்து கையை எடுத்தான். பேசத் தொடங்கியபோது நிறுத்த இயலவில்லை. “அத்தான் அவனைப் பிடிக்கப் போகலக்கா! ஓடிப்போடான்னு சொல்லப் போனாரு. கடலோரமாப் போ, படகு ஏற்பாடு பண்ணியிருக்கேன்னு சொல்லத்தான் அவனை ஆலைக்குப் பின்னால வரச்சொல்லி இருந்தாரு. நான் பின்னாலயே போய்க் கேட்டேன். ‘இன்னொருத்தரை என்னால நடத்திக் கூட்டிட்டுப் போக முடியாதுடா, அந்தக் கிழவி கை இன்னும் என் கையில இருக்கு’ங்கறாரு. நான் துரோகின்னேன். அவர் சிரிச்சாரு. திட்டியிருந்தா விட்டிருப்பேன்க்கா. சிரிச்சாரு. அங்க ஒரு இரும்புத்தடி கிடந்துச்சு.”

அவள் எழுந்து அடுப்பருகே போய் நின்றாள். கணவன் இறந்ததற்காக அவள் அதுவரை அழுதது பாதி அழுகைதான் என்பதை அப்போது அறிந்தாள். அவன் சொல்லாமல் சுமந்த துயரத்தின் பெயரை, அவனைக் கொன்றவன் வாயிலிருந்தே கேட்க நேர்ந்ததே என்று நெஞ்சு பிளந்தது. திரும்பியபோது அவள் கண்ணில் நீரில்லை.

“நீயே போய்ச் சொல்லிடு.”

“என்னை என்ன பண்ணுவாங்கன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“சாமிக்காகப் பண்ணேன்க்கா!”

“சாமி உன்னைக் கேட்டாரா? கோவத்துல பண்ணே. கோவத்தைக் கொண்டுபோய்ச் சாமி தலையில போடாதே.” அவள் கிண்ணத்தை அவன்பக்கம் தள்ளினாள். “வியாழக்கிழமை வரைக்கும் உனக்கு நேரம். நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். இப்ப சாப்பிடு.”

அவன் உண்டான். அக்காள் சொன்னால் உண்பது அவனுக்குப் பழக்கம். உண்ணும்போது கண்ணீர் கூழில் விழுந்தது. அதையும் சேர்த்து உண்டான்.

 எஞ்சிய மூன்று நாளும் அண்டை வீட்டார் கண்டதெல்லாம், அவள் வீட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவியதும், தம்பியின் கம்பளி மேலாடையின் கிழிசலைத் தைத்ததுமே. குளிர்காலம் வருகிறதே என்றார்கள். அவன் எந்தக் குளிருக்காக அந்த ஆடையை உடுக்கப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும், தையல் நெருக்கமாய் விழவேண்டும் என்று கருத்தூன்றித் தைத்தாள். ஓடிப்போய்விடுவான் என்று ஒருபொழுது நம்பினாள். ஓடிவிடுவானோ என்று மறுபொழுது அஞ்சினாள். ஒரு நெஞ்சில் இரண்டு மன்றாட்டுகள் ஒன்றையொன்று கழுத்து நெரித்துக் கிடந்தன.

வியாழனன்று ஊர்மன்றம் நிரம்பி வழிந்தது. ரோலண்டு விலங்கோடு நின்றான். ஆலையாட்கள் கண்டதைக் கூறினர். குருதி படிந்த சட்டை காட்டப்பட்டது. நடுவர் தீர்ப்புக்கு வாய் திறக்கும் வேளையில், கறுப்பு முக்காடிட்ட பெட்ரோனல் எழுந்து முன்னே வந்தாள். கொலையுண்டவன் மனைவி பழிக்குப் பழி கேட்கப் போகிறாள் என்று கூட்டம் வழிவிட்டது.

“இவர் கொல்லல ஐயா,” என்றாள். “என் புருஷனைக் கொன்னது என் தம்பி பார்னபி. அவனே என்கிட்டச் சொன்னான்.”

 அவள் மேலும் சொன்னாள்: கணவன் அன்று எதற்காகப் போனான் என்பதை, ஒரு சொல்லும் மறையாமல். அரசாணைக்கு மாறாக நடந்தவன் மனைவி என்னும் பழி தன்மேல் விழும் என்று அறிந்தே சொன்னாள். அப்போதுதான் ரோலண்டு தலை நிமிர்ந்தான்.

“ஐயோ, அதை ஏம்மா சொன்னீங்க?” என்றான். “தப்பவைக்கத்தான் வரச்சொல்றேன்னு அவர் சொல்லியனுப்பினதை வெளிய விடக் கூடாதுன்னுதானே நான் இத்தனை நாளா வாயைக் கட்டிட்டு இருந்தேன். அவர் பேரு கெட்டுப் போயிடும், உங்களை ஊர்ல இருக்கவிட மாட்டாங்கன்னு...”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவனோடு அவள் அதுவரை ஒரு சொல்லும் பேசியதில்லை. தன் வீட்டின் மானத்தைக் காக்க, தனக்கு அயலான ஒருவன், தான் ஏற்காத நெறியைச் சார்ந்த ஒருவன், தன் நற்பெயரையே கயிற்றில் தொங்கவிட இசைந்திருந்தான் என்பதை அங்கே, அத்தனை பேர் முன்னிலையில், அவள் அறிந்தாள்.

சர் லாம்பெர்ட் முகம் சிவந்தார். ஆயினும் குரலை மென்மையாக்கிக்கொண்டார். “இங்க பாரும்மா. துக்கத்துல பேசறே. நல்லா யோசி. நீ சொன்னதை நான் எழுதிக்கிட்டா உன் தம்பி தூக்குல தொங்குவான். இந்த ஆளோ தப்பிக்கப் போறதில்ல; கயிறு இல்லன்னா நெருப்பு. இவனுக்கு நீ எதைக் காப்பாத்திக் குடுக்கறே? எரியறதையா?”

“அவர் எதுக்காகச் சாகணும்னு நீங்க நினைக்கிறீங்களோ, அதுக்காகவே சாகட்டும் ஐயா. அதைத் தடுக்க எனக்குச் சக்தி இல்ல. ஆனா என் புருஷன் சாவை அவர் தலையில கட்டாதீங்க. செய்யாததுக்கு ஒருத்தர் சாகறதை நான் வேடிக்கை பார்த்தா, ரெண்டாவது கொலை நான் பண்ணதா ஆயிடும்.”

“உன் தம்பி எங்கே?”

 மன்றத்தின் கடைக்கோடியில், புதுத்தையலிட்ட மேலாடையோடு நின்றிருந்த பார்னபி, தன்னைச் சூழ்ந்தோர் விலக விலகத் தனித்துத் தெரிந்தான். கதவு அவனுக்கு மூன்று அடியில் திறந்தே கிடந்தது. அவன் அதை நோக்கினான், அக்காளை நோக்கினான், பின்பு கூட்டத்தின் நடுவே மெல்ல நடந்துவந்து மண்டியிட்டு, “ஆமாங்க,” என்றான்.

சனிக்கிழமையன்று, நெசவாளனுக்கெனக் குறித்த அதே பொழுதில், அவனுக்கென நட்ட அதே மரத்தில், பார்னபி தூக்கிலிடப்பட்டான். பெட்ரோனல் உடன் நடந்தாள். வழியில் ஒருத்தி, “ரெண்டு ஆம்பளையையும் முழுங்கிட்டாளே, தொண்டைக்குழி என்னத்தால ஆனதோ!” என்று கைகொட்டினாள். பெட்ரோனல் கேளாதவள்போல் நடந்தாள். ஏணியின் அடியில் தம்பியின் மேலாடைக் கழுத்தைச் சரிசெய்து, “குளிருதாடா?” என்று கேட்டாள். “இல்லக்கா, கதகதப்பா இருக்கு,” என்றான் அவன். அவ்வளவே அவர்கள் பேசியது.

கொலைப்பழி நீங்கிய ரோலண்டை எரிப்பதற்கு இலண்டனிலிருந்து முத்திரையிட்ட ஓலை வரவேண்டியிருந்தது. வந்தது. அடுத்த சனிக்கிழமை, நவம்பர்த் திங்கள் பத்தொன்பதாம் நாள் நண்பகல் என்று குறித்தனர். சுள்ளிக்கட்டுகள் திடலில் அடுக்கப்பட்டன. அவன் மனைவி வினிஃபிரடு சிறைவாயிலில் கிடந்தாள். ஊரில் ஒரு சாரார் பெட்ரோனலைப் பித்தி என்றனர். மறு சாரார் நெஞ்சில் ஈரமற்றவள் என்றனர். “பாவம், எல்லாத்தையும் குடுத்து அவனுக்கு ஒரு வாரம் வாங்கிக் குடுத்தா, அவ்வளவுதான்,” என்று சிறைக்காவலன் மட்டும் தலையசைத்தான்.

அந்த ஒரு கிழமை என்னவாயிற்று என்று கேளுங்கள். சனிக்கிழமை காலை, சுள்ளிக்கட்டுகளின்மேல் வெண்பனி படிந்து வெயில் ஏறாத வேளையில், நுரை கக்கிய குதிரையொன்று தென்சாலை வழியே வந்தது. ஏறிவந்தவன் இறங்காமலே கூவினான்: அரசியார் வியாழக்கிழமை விடியலில் உயிர் நீத்தார், அவர்தம் தங்கையார் அரசியென அறிவிக்கப்பட்டார். முடிசூடி ஆண்டவர் கண்மூடியதும் அவர் பெயரால் எழுதிய ஓலைகளும் கண்மூடின. சர் லாம்பெர்ட் முத்திரையோலையை மும்முறை திருப்பிப் பார்த்தார். புதிய அரசியின் உள்ளம் எந்நெறியினது என்று அவர் கேள்வியுற்றிருந்தார். நண்பகலுக்குமுன் சிறைக்கதவைத் திறக்கச் செய்துவிட்டு, தம் ஊருக்குப் புறப்பட்டுப் போனார். கொலைஞனெனத் தூக்கிலிடப்பட்டிருந்தால் ஏழு நாள் முன்னரே மண்ணில் புதைந்திருக்க வேண்டியவன், கண்ணைக் கூசவைக்கும் வெயிலில், மனைவியின் தோளைப் பற்றியபடி தெருவில் நின்றான். உண்மையைச் சொல்வதால் பயன் யாது என்று கேட்டவர் அனைவரும் அவனைப் பார்த்தனர். பார்த்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நாணினர்.

ஊர் பொங்கியெழுந்தது. மூடிய வாய்களெல்லாம் ஒருசேரத் திறந்தன. நேற்றுவரை அரசியாரை வாழ்த்தியோரே கோயில் மணிகளை அடித்து மகிழ்ந்தனர். திடலில் அடுக்கிய சுள்ளிகளைக் கொண்டே மகிழ்ச்சித்தீ மூட்டி, மதுக்குடங்களை உருட்டிவந்தனர். ரோலண்டு அங்கே நிற்கவில்லை. கையிலிருந்த விலங்குத் தழும்பைத் தேய்த்துக்கொண்டே பெட்ரோனலின் வீட்டுக்கு நடந்தான், வினிஃபிரடு பின்தொடர்ந்தாள். கதவு திறந்திருந்தது. உள்ளே அந்தப் பெண் தரையில் மண்டியிட்டு, தோள்கள் குலுங்க, இறந்த அரசியாரின் உயிர் அமைதியடைய வேண்டுமென்று கோயிற் பூசையின் பழைய மொழியில் மன்றாடிக்கொண்டிருந்தாள். கணவனுக்காகவும் தம்பிக்காகவும் அடக்கிய அழுகையெல்லாம், தான் ஒருநாளும் கண்டிராத அந்த அரசிக்காக வழிந்தது. அன்று எம் ஊரில் அவருக்காக அழுதவள் அவள் ஒருத்தியே.

இறந்தோர்க்காக மன்றாடுவது வீண் என்று சொன்னதற்காகவே எரியப்போனவன் ரோலண்டு. அவன் வாசலில் நின்றான். வினிஃபிரடு அவன் கையைத் தொட்டு, “கூப்பிடவா?” என்றாள்.

“வேண்டாம்,” என்றான் அவன். “முடிக்கட்டும்.”

தலையில் அணிந்திருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் மன்றாட்டு முடியும்வரை அவன் அந்தக் குளிரில் அசையாமல் நின்றான். திடலின் கூச்சல் அலையலையாய் வந்து அந்த வாசற்படியில் மோதி மோதி மீண்டது. அரசிகள் வருவர், போவர். அவர்தம் ஆணைகள் அவரோடு மாளும். கோயிற் சுவர்களில் சுண்ணம் ஏறும், இறங்கும். தான் நம்பாத ஒரு மன்றாட்டின் முன்னே தலைதிறந்து நின்ற அந்த நெசவாளனையும், தான் நேசித்த அனைத்தையும் இழந்தபின்னும் வெறுக்கக் கற்காத அந்தப் பெண்ணையும் எண்ணும்பொழுதெல்லாம், இவ்வுலகம் இன்னும் எரியாமல் நிற்பது எதனால் என்பதை நான் ஒருவாறு உணர்கின்றேன்.